கணினியைத் தொலைக்காட்சியில் இணைக்கும்போது படம் திரைக்குள் அடங்காவிட்டால்

2020ஆம் ஆண்டு பாடசாலைகள் மூடப்பட்டிருந்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருக்கும் தொடர்மாடியின் மேல்தளத்து அக்கா ஒரு நாள் காலையில் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மகளுடைய மடிக்கணினியின் சிறிய திரையில் ஆசிரியர் எழுதுவது தெரியவில்லை என்பதால், வரவேற்பறையிலிருந்த பெரிய தொலைக்காட்சியோடு அதை இணைத்திருந்தார்கள். படம் வந்திருந்தது. ஆனால் நான்கு ஓரங்களும் சட்டத்துக்கு வெளியே போய்விட்டதைப் போல வெட்டுப்பட்டிருந்தன. "தம்பி, கீழ இருக்கிற வரியைக் காணேல்ல, மைக் பட்டன் எங்க எண்டு பிள்ளைக்குத் தெரியேல்ல" என்றார். நான் போவதற்குள் கணினியின் திரை அமைப்பை நாலைந்து தடவை மாற்றிப் பார்த்திருந்தார்கள். அதனால் வெட்டுப்பட்ட ஓரங்களோடு எழுத்துகளும் மங்கிப்போயிருந்தன. கணினியை முதலில் இருந்த நிலைக்குத் திருப்பிவிட்டு, தொலைக்காட்சியின் ரிமோட்டை எடுத்து ஒரேயொரு தெரிவை மாற்றியதும் எல்லாம் சரியாயிற்று.

அதற்குப் பிறகு இதே சிக்கலைப் பல வீடுகளிலும் சில மண்டபங்களிலும் பார்த்துவிட்டேன். ஏறக்குறைய எல்லா இடத்திலும் நடப்பது ஒரே தவறுதான்: படத்தின் அளவை மாற்றுவது கணினியா, தொலைக்காட்சியா என்று பார்க்காமலே கணினியில் கைவைத்துவிடுகிறார்கள். தொலைக்காட்சி படத்தைப் பெருப்பிக்கும்போது கணினியில் அதைச் சுருக்கினால், ஒரு பிழையின் மேல் இன்னொரு பிழை ஏறுகிறது. படம் சட்டத்துக்குள் வந்துவிடும், எழுத்து கெட்டுவிடும். கணினி அனுப்பும் ஒவ்வொரு படப்புள்ளியும் தொலைக்காட்சித் திரையின் ஒரு புள்ளியில் போய் உட்கார வேண்டும் என்பதே நாம் எட்ட வேண்டிய நிலை. கீழே வரும் வழிகள் அனைத்தும் அதை நோக்கியவையே.

எதையும் மாற்றுவதற்கு முன்

தொலைக்காட்சித் திரையில் உண்மையில் எத்தனை புள்ளிகள் உள்ளன என்பதை அது வந்த அட்டைப்பெட்டியிலோ கையேட்டிலோ பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 32 அங்குலத் தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் அது 1366 × 768 ஆக இருக்கும்; முழு எச்.டி. என்று விற்கப்படுபவற்றில் 1920 × 1080. 4கே என்று விற்கப்படுபவற்றில் 3840 × 2160.

அடுத்து, கணினியை இணைத்த நிலையில் ரிமோட்டிலுள்ள தகவல் பொத்தானை அழுத்துங்கள். தன்னிடம் வந்துசேரும் சமிக்ஞை எந்த அளவினது என்பதைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் திரையின் மூலையில் காட்டும். அந்த எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றாக இருந்தும் ஓரங்கள் வெட்டுப்பட்டால், குறை தொலைக்காட்சியின் பட அளவுத் தெரிவில் இருக்கிறது. எண்கள் ஒன்றாக இருந்தும் படத்தைச் சுற்றி நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால், பெரும்பாலும் கணினியின் கிராஃபிக்ஸ் டிரைவர் (படத்தைத் திரைக்கு அனுப்பும் மென்பொருள்) படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. எண்களே வேறாக இருந்தால், கணினியில் தெரிந்தெடுத்த தெளிவுத்திறனையோ (படத்திலுள்ள புள்ளிகளின் எண்ணிக்கை), இடையிலுள்ள வயரையோ, ஒரு வகைச் செருகியை இன்னொரு வகையோடு இணைக்கும் மாற்றியையோ பார்க்க வேண்டும். இந்த ஒரு சோதனை பாதி வேலையை முடித்துவிடும் என்பதால் இதைத் தவிர்க்க வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன்.

நான்கு ஓரங்களும் வெட்டுப்படுகின்றன

இதுவே அதிகம் காணப்படும் குறை. கணினியின் கீழ்வரியும், மூடும் பெருக்கல் குறியும், திரையின் இடது ஓரத்திலுள்ள படவுருக்களும் பாதியாகவோ முழுதாகவோ மறைந்திருக்கும். இதற்கு ஓவர்ஸ்கேன் என்று பெயர்.

இதன் வேர் பழைய குழாய்த் தொலைக்காட்சிகளில் இருக்கிறது. இலங்கையில் 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் ஒளிபரப்பைத் தொடங்கிய காலத்தில் நம் வீடுகளுக்கு வந்த பெட்டிகளில், இலத்திரன் கற்றை திரையின் பின்புறத்தை வரிவரியாகத் துடைத்துப் படத்தை வரைந்தது. வீட்டு மின்னழுத்தம் தாழ்ந்தால் படமும் சுருங்கும். பெட்டி பழையதாகும்போது படம் சற்று இடம்பெயரும். அப்போதெல்லாம் ஓரத்தில் கறுப்பு இடைவெளி தெரியக்கூடாது என்பதற்காக, படத்தைத் திரையை விடக் கொஞ்சம் பெரிதாகவே வரைந்து, மிஞ்சும் ஓரத்தைச் சட்டத்துக்குப் பின்னால் மறைத்தார்கள். நிகழ்ச்சி தயாரிப்பவர்களும் முக்கியமான எழுத்துகளை ஓரத்துக்குக் கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டார்கள்.

தட்டைத் திரையில் அந்தத் தேவை இல்லை. ஆனாலும் பழக்கம் தொடர்ந்தது. 1920 × 1080 போன்ற தொலைக்காட்சிக்குரிய வடிவத்தில் ஒரு படம் வந்தால், அது ஒளிபரப்புத்தான் என்று எடுத்துக்கொண்டு, பல பெட்டிகள் அதன் ஓரத்தை வெட்டிவிட்டு மீதியை விரிக்கின்றன. இரு பக்கமும் சேர்த்து நூற்றுக்கு ஐந்து வெட்டுப்படுவதாக வைத்துக்கொண்டால், 1920 × 1080இல் நடுவிலுள்ள 1824 × 1026 மட்டுமே எஞ்சும். அதாவது இடத்திலும் வலத்திலும் 48 புள்ளிகள் வீதமும், மேலும் கீழும் 27 புள்ளிகள் வீதமும் போய்விடும். விண்டோஸின் கீழ்வரி வழக்கமான அளவில் 40 முதல் 48 புள்ளிகள் வரை உயரமுள்ளது என்பதால், அதில் பாதிக்கு மேல் காணாமற்போவது ஏன் என்பது இப்போது விளங்கும். எஞ்சிய 1824 புள்ளிகளை 1920 இடங்களில் பரப்புவதால் எழுத்துகளின் கூர்மையும் குறைகிறது. திரைப்படம் பார்ப்பவருக்கு இது தெரியாது. கணக்குத்தாள் பார்ப்பவருக்கு உடனே தெரியும்.

தீர்வு தொலைக்காட்சியில்தான் இருக்கிறது. ரிமோட்டின் அமைப்புப் பட்டியலில் படம் என்ற பகுதிக்குள் பட அளவு அல்லது திரை விகிதம் என்ற தெரிவைத் தேடுங்கள். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒவ்வொரு பெயர் வைத்திருப்பதுதான் மக்களைக் குழப்புகிறது. சாம்சுங் பெட்டிகளில் பட அளவு 16:9இல் (அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம்) இருக்கும்போது ஃபிட் டு ஸ்கிரீன் என்ற தெரிவு தோன்றும். அந்த நிறுவனத்தின் பழைய பெட்டிகளில் அது ஸ்கிரீன் ஃபிட். எல்.ஜி.யில் ஜஸ்ட் ஸ்கேன். சொனியில் டிஸ்பிளே ஏரியா என்பதற்குள் ஃபுல் பிக்சல். பிலிப்ஸில் அன்ஸ்கேல்ட். ஷார்ப்பில் டொட் பை டொட். பானசொனிக்கில் ஓவர்ஸ்கேன் என்ற பெயரிலேயே ஒரு தெரிவு இருக்கும். அதை நிறுத்திவிட வேண்டும். பெயர் எதுவானாலும் வேலை ஒன்றுதான்: வந்த படத்தை வெட்டாமலும் விரிக்காமலும் அப்படியே காட்டுவது.

அந்தத் தெரிவு மங்கலாக, அழுத்த முடியாத நிலையில் இருந்தால், பட அளவு சூம் போன்ற வேறொரு நிலையில் இருக்கக்கூடும். முதலில் 16:9க்கு மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். கணினி 1024 × 768 போன்ற கணினிக்குரிய அளவை அனுப்பும்போதும் இத்தெரிவு கிடைக்காது. ஏனெனில் அத்தகைய அளவுகளைத் தொலைக்காட்சி பொதுவாக வெட்டுவதில்லை. கணினியின் தெளிவுத்திறனைக் குறைத்ததும் 'பிரச்சினை தீர்ந்துவிட்டது' என்று பலர் நம்புவதற்கு இதுவே காரணம். வெட்டுவது நின்றுவிட்டது உண்மை. ஆனால் பெட்டி தரக்கூடிய தெளிவில் பாதிகூடக் கிடைப்பதில்லை.

இந்தப் பெயர்களில் எதுவுமே இல்லாத மலிவான பெட்டிகளும் உண்டு. அவற்றில் கணினியின் வயரைச் செருகியிருக்கும் எச்.டி.எம்.ஐ. உள்ளீட்டின் பெயரை மாற்றும் வசதி இருந்தால், அதைப் பி.சி. என்று மாற்றிப் பாருங்கள். சாம்சுங், எல்.ஜி. பெட்டிகள் பலவற்றிலும் அந்தப் பெயர் வெறும் முகப்புச்சீட்டு அல்ல. உள்ளீட்டைக் கணினிக்கு ஏற்றவாறு கையாளும்படி பெட்டிக்குச் சொல்லும் கட்டளையும் அதுவே.

இவையெல்லாம் பலனளிக்காதபோது மட்டும் கணினியில் படத்தைச் சுருக்குங்கள். என்விடியா கிராஃபிக்ஸ் கார்ட் உள்ள கணினியில் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் மேசைத்தளத்தின் அளவையும் இடத்தையும் சரிசெய்யும் பக்கம் இருக்கிறது, இன்டெல் உள்ள கணினியில் அதன் கிராஃபிக்ஸ் மென்பொருளில் டிஸ்பிளே பகுதிக்குள் ஸ்கேல் என்பதன் கீழ் கஸ்டம் என்ற தெரிவு இருக்கும், ஏ.எம்.டி.யில் எச்.டி.எம்.ஐ. ஸ்கேலிங் என்ற நகர்த்தி. மாக் கணினியில் டிஸ்பிளேஸ் பக்கத்தில் அண்டர்ஸ்கேன் என்ற நகர்த்தி. ஓரங்கள் சட்டத்தைத் தொடும்வரை சிறிது சிறிதாக நகர்த்துங்கள். எழுத்து ஓரளவு மங்கும் என்பதை ஏற்றுக்கொண்டே இதைச் செய்ய வேண்டும்.

நான்கு பக்கமும் கறுப்புப் பட்டை

படம் முழுமையாகத் தெரிகிறது, ஆனால் சுவரில் மாட்டிய புகைப்படம் போலச் சுற்றிவரக் கறுப்பு இடைவெளி. ஓவர்ஸ்கேனை எதிர்பார்த்து கிராஃபிக்ஸ் டிரைவர் முன்கூட்டியே படத்தைச் சுருக்கியதன் விளைவு இது. ஏ.எம்.டி. ரேடியன் டிரைவர்களில் இதை அதிகம் காணலாம். மேலே சொன்ன எச்.டி.எம்.ஐ. ஸ்கேலிங் நகர்த்தியைப் படம் விரியும் திசையில் இறுதிவரை கொண்டுசென்றால் கறுப்பு மறைந்துவிடும். விரிந்த பிறகு ஓரம் வெட்டுப்படத் தொடங்கினால் தொலைக்காட்சியும் தன் பங்குக்கு வெட்டுகிறது என்று பொருள்; முந்தைய பகுதிக்குத் திரும்பிப் போய் அதையும் நிறுத்துங்கள். தொலைக்காட்சியின் சூம் பொத்தானை அழுத்திக் கறுப்பை மறைப்பது கூடாது. சுருக்கிய படத்தை மறுபடி விரிப்பதால், இரண்டு தடவை கெட்ட படமே கிடைக்கும்.

இரண்டு பக்கம் மட்டும் கறுப்பு, அல்லது முகங்கள் அகலமாகத் தெரிகின்றன

கறுப்பு இடமும் வலமும் மட்டும் இருந்தால் அது விகிதப் பிரச்சினை. பெரும்பாலும் இரு திரைகளிலும் ஒரே படத்தைக் காட்டும் நகல் நிலையே இதற்குக் காரணம். மடிக்கணினியின் திரை 1366 × 768 ஆகவும் தொலைக்காட்சி 1920 × 1080 ஆகவும் இருக்கும்போது, இரண்டுக்கும் பொதுவான ஓர் அளவை விண்டோஸ் தேடுகிறது. சில வேளைகளில் அது 1024 × 768இல் போய் நிற்கும். அது 4:3 விகிதம். 16:9 திரையில் அதைச் சரியாகக் காட்டினால் பக்கங்களில் கறுப்பு விழும். இழுத்து நிரப்பினால் வட்டம் முட்டையாகும்.

விண்டோஸ் விசையையும் பி விசையையும் சேர்த்து அழுத்துங்கள். இரண்டாவது திரை மட்டும் என்ற தெரிவை எடுத்தால் விண்டோஸ் தொலைக்காட்சியின் அளவை மட்டும் கருத்தில் கொள்ளும். மடிக்கணினியின் திரையும் வேண்டுமென்றால் நீட்டித்தல் என்பதை எடுங்கள். அப்போது இரு திரைகளும் தத்தம் அளவில் இயங்கும். வகுப்பை ஒரு திரையிலும் குறிப்பேட்டை மற்றத் திரையிலும் வைக்க விரும்பும் மாணவருக்கு நான் எப்போதும் நீட்டித்தலையே அமைத்துக் கொடுப்பேன்.

ஒரு விதிவிலக்கு உண்டு. 1920 × 1200 போன்ற 16:10 திரையுள்ள மடிக்கணினியை நகல் நிலையில் வைத்தால், பக்கங்களில் மெல்லிய கறுப்புப் பட்டை விழுவது இயல்பு. அது குறையல்ல, இழுத்து நிரப்பத் தேவையில்லை.

சரியான அளவு பட்டியலிலேயே இல்லை

விண்டோஸ் அமைப்புகளில் திரை என்ற பக்கத்துக்குப் போனால், பரிந்துரைக்கப்படும் தெளிவுத்திறன் எது என்று அதுவே காட்டும். அங்கே 1920 × 1080 இல்லாமல் 1024 × 768 வரையே பட்டியல் நின்றுவிட்டால் இரண்டு காரணங்களைப் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிராஃபிக்ஸ் டிரைவர் நிறுவப்படாமை. விண்டோஸைப் புதிதாகப் போட்ட கணினிகளில் இது நேரும். சாதன நிர்வாகியில் டிஸ்பிளே அடாப்டர் என்பதன் கீழ் மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்பிளே அடாப்டர் என்ற பெயர் தெரிந்தால், கணினித் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து உரிய டிரைவரை இறக்கி நிறுவினால் போதும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்குத் தெரியாதது. ஒரு தொலைக்காட்சியை இணைத்தவுடன், தன் அளவும் தான் ஏற்கும் வடிவங்களும் எவையென்று அது ஈ.டி.ஐ.டி. என்ற சிறிய தரவுத்தொகுதியாகக் கணினிக்குச் சொல்கிறது. எச்.டி.எம்.ஐ.யில் மட்டுமன்றிப் பழைய வி.ஜி.ஏ.யிலும் இந்தப் பேச்சு நடக்கிறது, வி.ஜி.ஏ. செருகியின் 15 ஊசிகளில் 12ஆவதும் 15ஆவதும் அதற்கென்றே உள்ளவை. மலிவான வயர்களில் இந்த ஊசிகள் இணைக்கப்படாமல் இருக்கலாம்; சில மாற்றிகள் இத்தரவைக் கடத்துவதில்லை. அப்போது எதிரே இருப்பது யாரென்று தெரியாத கணினி, எந்தத் திரையும் தாங்கக்கூடிய சிறிய அளவிலேயே நின்றுகொள்கிறது. அமைப்பில் எவ்வளவு தேடினாலும் இதற்குத் தீர்வு கிடைக்காது. வயரை மாற்ற வேண்டும். புறக்கோட்டையிலோ பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவிலோ மாற்றி வாங்கப் போகிறவர்கள், முடிந்தால் மடிக்கணினியையும் கொண்டுபோய்க் கடையிலுள்ள ஒரு திரையில் இணைத்து, 1920 × 1080 பட்டியலில் வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பது நல்லது.

மண்டபங்களில் ஒரு கணினியிலிருந்து இரண்டு தொலைக்காட்சிகளுக்குப் படத்தைப் பிரித்துக் கொடுக்கும்போதும் இதுவே நடக்கும். பிரிப்பான்கள் பல, முதல் துறையிலுள்ள (வயர் செருகும் இடம்) பெட்டியின் தரவை அல்லது இரண்டுக்கும் பொதுவான தாழ்ந்த அளவையே கணினிக்குச் சொல்கின்றன. இரண்டில் ஒன்று 1366 × 768 பெட்டியாக இருந்தால் மற்றதும் கீழிறங்கலாம். நல்ல பெட்டியை முதல் துறைக்கு மாற்றி, இரண்டு பெட்டிகளையும் கணினியையும் அணைத்துவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள்.

32 அங்குலப் பெட்டிகளைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். திரை 1366 × 768 ஆனாலும், எச்.டி.எம்.ஐ. வழியே அந்த அளவை ஏற்காத பெட்டிகள் பல உள்ளன. 1366 என்பது எட்டால் வகுபடாத எண் என்பதால் சிலவற்றில் 1360 × 768 மட்டும் கிடைக்கும். அது கிடைத்தால் அதையே எடுங்கள். அதுவும் இல்லையென்றால் 1280 × 720, 1920 × 1080 ஆகிய இரண்டில் ஒன்றைத்தான் தெரிந்தெடுக்க வேண்டும். படிப்பதற்கும் எழுதுவதற்கும் 1280 × 720 மேலானது என்பது என் கருத்து. 1080ஐ அந்தச் சிறிய திரைக்குள் அமுக்கும்போது தமிழ் எழுத்தின் புள்ளிகளும் கொக்கிகளும் உடைந்துபோகின்றன.

படம் ஒரு பக்கமாக நகர்ந்திருக்கிறது, அல்லது சுட்டியோடு சேர்ந்து நகர்கிறது

ஒரு பக்கம் வெட்டுப்பட்டு மறுபக்கம் கறுப்பாக இருந்தால், இணைப்பு பெரும்பாலும் வி.ஜி.ஏ. ஆக இருக்கும். தொலைக்காட்சியின் பட்டியலில் தானாகச் சரிசெய்தல் என்பதை ஒரு முறை அழுத்துங்கள். அப்போது திரை நிறைய வெளிர்நிறப் பக்கம் ஒன்று திறந்திருக்கட்டும், இல்லாவிட்டால் படத்தின் ஓரம் எங்கே முடிகிறது என்பதைப் பெட்டியால் அறிய முடியாது.

சுட்டியை ஓரத்துக்குக் கொண்டுபோகும்போது முழுப் படமும் நகர்ந்தால், விண்டோஸின் உருப்பெருக்கி தவறுதலாக இயங்கியிருக்கலாம். விண்டோஸ் விசையோடு எஸ்கேப் விசையை அழுத்தினால் அது நிற்கும்.

படமே இல்லை, 'ஏற்காத வடிவம்' என்ற செய்தி மட்டும்

தொலைக்காட்சி தாங்காத அளவையோ வேகத்தையோ கணினிக்குக் கொடுத்துவிட்டீர்கள். பதற்றப்பட வேண்டாம், விண்டோஸின் அமைப்புப் பக்கத்தில் மாற்றியிருந்தால், உறுதிசெய்யாதவரை 15 விநாடிகளில் அது பழைய நிலைக்குத் திரும்பும். திரும்பாவிட்டால் விண்டோஸ் விசையையும் பி விசையையும் அழுத்தி மடிக்கணினியின் திரைக்கே வந்து, அங்கிருந்து குறைந்த அளவையும் 60 ஹேர்ட்ஸையும் (விநாடிக்கு எத்தனை தடவை படம் புதுப்பிக்கப்படுகிறது என்ற வேகம்) தெரிந்தெடுங்கள். 4கே பெட்டியில் இது நேர்ந்தால், கணினியின் துறை எச்.டி.எம்.ஐ. 1.4 ஆக இருக்கக்கூடும். அது 3840 × 2160ஐ 30 ஹேர்ட்ஸில் மட்டுமே அனுப்பும்; 60க்கு எச்.டி.எம்.ஐ. 2.0 வேண்டும்.

அளவு சரி, ஆனால் எழுத்து தெளிவில்லை அல்லது மிகச் சிறியது

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். இரண்டுக்கும் தெளிவுத்திறனைக் குறைப்பது மருந்தல்ல. எழுத்து சிறிதாக இருந்தால் தெளிவுத்திறனை அப்படியே விட்டுவிட்டு, அதே திரைப் பக்கத்திலுள்ள அளவிடல் என்பதை 150 அல்லது 200 வீதத்துக்கு உயர்த்துங்கள். 4கே பெட்டியில் விண்டோஸ் 300 வீதத்தைப் பரிந்துரைத்தாலும் தவறில்லை. பத்தடி தள்ளியிருக்கும் கதிரையிலிருந்து படிக்க அது தேவைப்படும்.

எழுத்தின் விளிம்பில் வெள்ளை நிழல் விழுந்தால் தொலைக்காட்சியின் ஷார்ப்னஸ் அளவைக் குறையுங்கள். சிவப்பு, நீல எழுத்துகள் மட்டும் கசிந்ததுபோலத் தெரிந்தால், நிறத் தகவலைப் பெட்டி பாதியாக்கிக் காட்டுகிறது. முன்னர் சொன்னவாறு உள்ளீட்டுக்குப் பி.சி. என்ற பெயரைக் கொடுப்பது இதையும் பல பெட்டிகளில் தீர்க்கும்.

பட அளவுத் தெரிவைப் பெரும்பாலான தொலைக்காட்சிகள் ஒவ்வொரு உள்ளீட்டுக்கும் தனித்தனியே நினைவில் வைக்கின்றன. முதலாம் எச்.டி.எம்.ஐ. துறையில் சரிசெய்துவிட்டு, பிறகு பியோ டிவி என்ற கட்டணத் தொலைக்காட்சிச் சேவையின் இணைப்புப் பெட்டிக்கு இடம் விடுவதற்காகக் கணினியை இரண்டாம் துறைக்கு மாற்றினால், வெட்டுப்பட்ட ஓரங்கள் திரும்பி வந்துவிடும். மேல்தளத்து அக்காவின் வீட்டில் கணினிக்குரிய துறைக்குப் பக்கத்தில் ஒரு சிறு துண்டு மருத்துவ நாடாவை ஒட்டி, அதில் 'வகுப்பு' என்று எழுதிவைத்தேன்.